இருக்கிறதா, எரிகிறதா? ராஸ், ரோ புரதங்களை அளக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராஸ், செல்லுக்குள் சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு புரதம். அதற்கு முதன்முறையாக வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) போடும் மாணவர்கள் அநேகமாக ஏமாந்துதான் போகிறார்கள். செல்லுக்கு வளர்ச்சிக் காரணி கொடுத்தாயிற்று, ராஸ் விழித்திருக்க வேண்டும். ஆனால் கொடுத்த செல்லிலும் கொடுக்காத செல்லிலும் பட்டை ஒரே தடிமன். சோதனையில் பிழை ஒன்றும் இல்லை. ராஸின் அளவு மாறவே இல்லை, அதன் நிலைதான் மாறியது. வீட்டில் எத்தனை டியூப்லைட் மாட்டியிருக்கிறது என்று எண்ணினால், அதில் எத்தனை எரிகிறது என்று தெரியாது அல்லவா? குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் சாதாரண ஆன்டிபாடி எண்ணிக்கையைத்தான் சொல்லும். எரிவதைக் கண்டுபிடிக்க வேறு வழி வேண்டும். அந்த வழியை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

சுவிட்சைப் போடுவது யார், அணைப்பது யார்

இந்தப் புரதங்களுக்கு சிறிய ஜிடிபியேஸ்கள் என்று பெயர். ராஸ், ரோ, ராப், ஆர்ஃப், ரான் என ஐந்து குடும்பங்கள். மனித செல்களில் மொத்தம் 150-க்கு மேல். பெரும்பாலானவை 20 முதல் 25 கிலோடால்டன் எடைதான். குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் ஆன், குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் ஆஃப். (இரண்டின் சுருக்கப் பெயரும் தமிழ் எழுத்தில் 'ஜிடிபி' என்றே வந்து தொலைக்கும் என்பதால், ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.)

இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பாஸ்பேட். அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் இரண்டு வளையப் பகுதிகள் வடிவம் மாறுகின்றன. 'சுவிட்ச் ஒன்று', 'சுவிட்ச் இரண்டு' என்று அவற்றைச் சொல்வார்கள். அந்த வடிவத்தை அடையாளம் கண்டுதான் ராஃப், பாக், ரோடெக்கின் போன்ற அடுத்த கட்டப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. இதை நன்றாக நினைவில் வையுங்கள், பின்னால் வரும் சோதனை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

டைபாஸ்பேட் தானாகக் கழன்று விழாது, பிடி அவ்வளவு இறுக்கம். அதைத் தள்ளிவிட ஜெஃப் என்ற வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஜெஃப் எதையும் உள்ளே திணிப்பதில்லை, இருப்பதை வெளியே தள்ளுவதோடு சரி. செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் என்பதால் காலியான இடத்தில் அதுவே வந்து உட்காருகிறது. ராஸுக்குப் பேர்போன ஜெஃப், சாஸ். இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் கிரப்2 என்ற இணைப்புப் புரதம் சாஸைச் சவ்வுக்கு இழுத்து வருகிறது. ராஸும் அங்கேதான் இருக்கிறது.

அணைப்பது கேப் வகைப் புரதங்களின் வேலை. ராஸ் தானாகவும் மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டும், ஆனால் ரொம்ப மெதுவாக. கேப் தன் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் ஒன்றை ராஸின் குழிக்குள் நீட்டி அந்த வெட்டை ஒரு லட்சம் மடங்கு வரை வேகப்படுத்துகிறது. ராஸும் கேப்பும் சேர்ந்த படிக அமைப்பு 1997-இல் வெளியானபோது இது கண்ணுக்கே தெரிந்தது. ராஸின் 12-வது இடத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறினால் புற்றுநோய் வருவது ஏன் என்பதற்கும் அதில் விடை இருந்தது: கிளைசினைவிடப் பெரிதாக எது அங்கே வந்தாலும் அந்த ஆர்ஜினைன் சரியாகப் பொருந்த இடம் இருக்காது. டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லில் இந்த ஒற்றை மாற்றத்தை 1982-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். நியூரோஃபைப்ரோமின் என்பதும் ராஸுக்கான ஒரு கேப்தான். அதன் மரபணு கெட்டால் நரம்புகளில் கட்டிகள் வளரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் நோய் வருகிறது.

ரோ, ராப் குடும்பங்களுக்கு மூன்றாவதாக ஒரு காவலும் உண்டு. ஜிடிஐ என்ற புரதம் அவற்றின் கொழுப்பு வாலைத் தனக்குள் மறைத்து, சவ்விலிருந்து பிரித்து, செல் திரவத்திலேயே வைத்திருக்கும். இது தவிர அளவையே குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. ஸ்மர்ஃப்1 என்ற நொதி ரோ-ஏ மீது யூபிக்விட்டின் முத்திரை குத்தி அழிவுக்கு அனுப்பும். அதனால் நிலையை அளக்கும்போதெல்லாம் மொத்த அளவையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

கட்டம் 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா. இந்த மூன்றில் உங்கள் கேள்வி எது? முதலாவதற்கு வெஸ்டர்ன் பிளாட்டும் நல்ல ஆன்டிபாடியும் போதும். இரண்டாவதற்கு மைக்ராஸ்கோப். மூன்றாவதற்குத்தான் புல்-டவுன், அதாவது ஆன் நிலையில் இருக்கும் புரதத்தை மட்டும் தூண்டில் போட்டு இழுக்கும் சோதனை. ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்ட பிறகு கேள்வியை யோசிக்கிறவர்கள் நிறையப் பேர், அந்த வரிசையை மாற்றினாலே பாதிச் செலவு மிச்சம்.

கட்டம் 2: ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுப்பது

ராஸில் மூன்று வகை: எச்-ராஸ், கே-ராஸ், என்-ராஸ். மூன்றும் கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்தவை. முதல் 85 அமினோ அமிலங்கள் மூன்றிலும் அச்சு அசல் ஒன்றே. பெரிய வித்தியாசம் வால் முனையில் இருக்கும் சுமார் 25 அமினோ அமிலங்களில்தான். ஆகவே 'கே-ராஸுக்கு மட்டும்' என்று விற்கும் ஆன்டிபாடியின் தகவல் தாளில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, அதை எந்தத் துண்டைக் கொண்டு உருவாக்கினார்கள் என்பதை. வால் பகுதி என்றால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. முழுப் புரதத்தைக் கொடுத்து உருவாக்கியது என்றால், மற்ற இரண்டோடு ஒட்டாது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று என்ன என்று பாருங்கள். சான்றே இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ரோ குடும்பத்தைச் சேர்ந்த ராக்1, ராக்2, ராக்3-க்கும் ரோ-ஏ, ரோ-பி, ரோ-சி-க்கும் இதே தலைவலி உண்டு.

எல்லா ராஸையும் ஒன்றாகப் பிடிக்கும் 'பான்-ராஸ்' ஆன்டிபாடி, தொடக்கத்தில் நல்ல தேர்வு. எந்த ராஸ் என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017-இல் கடையில் கிடைக்கும் ராஸ் ஆன்டிபாடிகள் இருபதுக்கு மேல் வாங்கி ஒரே மேசையில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளியானது. பெயரில் ஒன்று, ஒட்டுவது வேறொன்று என்று இருந்தவையும் அதில் சிக்கின. வெஸ்டர்ன் பிளாட்டில் ஒழுங்காக இருக்கும் ஆன்டிபாடி மைக்ராஸ்கோப்பிலும் ஒழுங்காக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். முன்னதில் புரதம் பிரிந்து நீண்டு கிடக்கிறது, பின்னதில் மடிந்தபடியே இருக்கிறது. ஆன்டிபாடிக்கு அவை இரண்டும் வேறு வேறு பொருள்.

ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒய்13-259 நல்ல உதாரணம். 1982-இல் வெளியான இந்த எலி மோனோகுளோனல் (ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் ஒரே வகை ஆன்டிபாடி), ராஸின் சுவிட்ச் இரண்டு பகுதியில் போய் உட்காருகிறது. 1985-இல் இதை என்ஐஎச் 3டி3 என்ற எலிச் செல்களுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். சீரம் (செல்களை வளர்க்கச் சேர்க்கும் இரத்த நீர்) கொடுத்தும் அந்தச் செல்கள் டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்துக்குள் நுழையவில்லை. செல் பெருக ராஸ் தேவை என்பதற்கு அது நேரடிச் சான்றானது. ராஸை அடையாளம் காட்ட உருவான ஆன்டிபாடி, அதன் வேலையையே நிறுத்திவிட்டது. இன்னொரு பயனும் கிடைத்தது. இது ஒட்டியிருக்கும்போது கேப்பால் ராஸை நெருங்க முடியாது. ஆகவே கதிரியக்க பாஸ்பேட் ஊட்டிய செல்லிலிருந்து ராஸை இதனால் பிடித்து வெளியே எடுத்து, அதனுடன் வந்தது ட்ரையா டையா என்று மெல்லிய அடுக்கு குரோமட்டோகிராபியில் பிரித்துப் பார்த்தார்கள். புல்-டவுன் வருவதற்கு முன் அதுதான் நம்பகமான வழி.

கட்டம் 3: வாங்கியதைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிறந்த சோதனை, அந்த மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் நீக்கிய செல். அந்தச் செல்லிலும் பட்டை வந்தால் ஆன்டிபாடி பிடிப்பது வேறு எதையோ. நீக்கிய செல் கையில் இல்லையென்றால் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ துண்டு) கொண்டு அளவைக் குறைத்துப் பாருங்கள், பட்டையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். குறைந்தது இரண்டு வேறு எஸ்ஐஆர்என்ஏ வரிசைகள் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த ராஸ் என்பதைச் சோதிக்க, சுத்திகரித்த மூன்று ராஸ் புரதங்களையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் சம அளவில் ஓட்டுங்கள். இதைவிட மேலான வழி, ராஸ் மரபணு மூன்றையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் திரும்பக் கொடுத்த எலிக் கரு செல்கள். கேட்டு வாங்க வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

இன்னொரு பொறி: புரதத்தின் மேல் ஏதாவது ஒட்டினால் ஆன்டிபாடிக்கு அது தெரியாமல் போகலாம். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் நச்சுகள் ரோ, ராக் புரதங்களின் சுவிட்ச் ஒன்று பகுதியில் ஒரு சர்க்கரையைப் பொருத்திவிடும். சில ராக்1 ஆன்டிபாடிகளால் அதற்குப் பிறகு ராக்கை அடையாளம் காண முடியாது. பிளாட்டில் பட்டை மறையும், புரதம் அழிந்துவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். வேறு இடத்தில் ஒட்டும் இரண்டாவது ஆன்டிபாடி கொண்டு பார்த்தால், புரதம் அங்கேயே இருக்கும்.

கட்டம் 4: செல்லைத் தயார் செய்வது

சீரத்தில் லைசோபாஸ்பாட்டிடிக் அமிலம் இருக்கிறது. அது ரோவை விழிக்க வைக்கும். வளர்ச்சிக் காரணிகள் ராஸை விழிக்க வைக்கும். எனவே சோதனைக்கு முன் 16 முதல் 24 மணி நேரம் சீரம் இல்லாமல், அல்லது மிகக் குறைந்த சீரத்தில் செல்களைப் பட்டினி போடுங்கள். செல் நெருக்கமும் எல்லாத் தட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். நெருக்கம் மாறினால் ராக், ரோ நிலையும் மாறும், அப்புறம் எதை எதனோடு ஒப்பிடுவது?

தூண்டும் நேரம் மணிக் கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு. இஜிஎஃப் கொடுத்தால் ராஸ் பொதுவாக 2 முதல் 5 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். முதல் சோதனையில் 0, 2, 5, 10, 30 நிமிடங்கள் என்று ஒரு நேரத் தொடர் வைத்து உங்கள் செல்லின் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். எச்சிடி116, பான்க்-1, ஏ549 போன்ற புற்றுச் செல் வகைகளில் கே-ராஸ் ஏற்கெனவே மாறிக் கிடக்கிறது. அவற்றில் இஜிஎஃப்-க்குப் பெரிய ஏற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

கட்டம் 5: செல்லை உடைப்பது

பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். செல்லை உடைத்த அந்த நொடியிலிருந்து, அதுவரை தள்ளி இருந்த கேப்புகளும் ராஸும் ஒரே குழம்பில் கலக்கின்றன. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆன் நிலை கரைகிறது.

பஃபர் எளிமையானதுதான்: 25 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.5, 150 மில்லிமோலார் உப்பு, 1 சதவீதம் என்பி-40, 5 சதவீதம் கிளிசரால், கூடவே 5 முதல் 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. இந்தக் கடைசிப் பொருள் இல்லாமல் ஆகாது. நியூக்ளியோடைடை, அதாவது ட்ரைபாஸ்பேட்டையோ டைபாஸ்பேட்டையோ, குழிக்குள் பூட்டி வைப்பது மெக்னீசியம்தான். அதனால் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த எதுவும் இந்தப் பஃபருக்குள் வரக் கூடாது. ஆய்வகத்தில் எல்லோரும் போடும் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை பலவற்றில் இடிடிஏ ஒளிந்திருக்கும். டப்பாவைத் திருப்பி, இடிடிஏ இல்லாத வகையா என்று பார்த்து எடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். பஃபர், ட்யூப், ஸ்கிரேப்பர், சென்ட்ரிஃபியூஜ் எல்லாம் முன்னமே 4 டிகிரிக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். தட்டை ஐஸ் மேல் வைத்து, மீடியத்தை முழுக்க உறிஞ்சி, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசல் கொண்டு ஒருமுறை கழுவி, பஃபரை ஊற்றி, சுரண்டி, ட்யூபில் எடுத்து, உடனே சுற்ற விடுங்கள். மேலே தெளிந்ததை எடுத்து, புரத அளவு பார்க்க ஒரு சிட்டிகை தனியே வைத்துவிட்டு, மீதியைத் திரவ நைட்ரஜனில் அப்படியே உறைய வையுங்கள். பத்துத் தட்டுகளை ஒரே மூச்சில் செய்ய முயல வேண்டாம். முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இருக்கும் நேர இடைவெளியே ஒரு போலி முடிவைக் கொடுத்துவிடும். இரண்டிரண்டாகச் செய்யுங்கள். ஆன் நிலைப் புரதத்தைப் பிடிக்கும் தூண்டில் துண்டை (கட்டம் 7-இல் வரும்) லைசிஸ் பஃபரிலேயே, அதாவது செல்லை உடைக்கும் இந்தப் பஃபரிலேயே, கலந்து வைக்கிறவர்களும் உண்டு. உடைந்த உடனே அது ஆன் நிலையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், கேப் அதைத் தொட முடியாது. நல்ல யோசனை.

கட்டம் 6: கன்ட்ரோல் இரண்டு

கொஞ்சம் லைசேட்டை (செல்லை உடைத்து எடுத்த தெளிந்த கரைசல்) இரண்டாகப் பிரியுங்கள். இரண்டிலும் 10 மில்லிமோலார் வருமாறு இடிடிஏ சேருங்கள், மெக்னீசியம் விலகி நியூக்ளியோடைடு கழலும். முந்தைய கட்டத்தில் விரட்டிய இடிடிஏ-க்கு இங்கே வேலை வந்துவிட்டது. ஒன்றில் 0.1 மில்லிமோலார் காமா-எஸ் வகை ட்ரைபாஸ்பேட் (இதைக் கேப்பால் எளிதில் வெட்ட முடியாது), மற்றதில் 1 மில்லிமோலார் டைபாஸ்பேட். 30 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்துவிட்டு, 60 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து ஐஸில் வைத்தால் பூட்டிவிடும். முதல் ட்யூபில் பலமான பட்டையும், இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் வர வேண்டும். அப்படி வராவிட்டால் அந்த ஜெல்லில் மற்ற வரிசைகளைப் படிக்கவே வேண்டாம்.

கட்டம் 7: புல்-டவுன்

ஆன் வடிவத்தை அடையாளம் காண்பதில் ராஃபைவிடக் கெட்டிக்கார ஆன்டிபாடி கிடையாது. அதனால் ராஃபின் ராஸைப் பிடிக்கும் துண்டையே தூண்டிலாக்கிவிட்டார்கள். 1990-களின் நடுவில் வந்த இந்த முறைதான் இன்றும் அடிப்படை. ராஸுக்கு ராஃப் துண்டு, ராக்குக்கும் அதே ரோ குடும்பத்துச் சிடிசி42-க்கும் பாக் துண்டு, ரோவுக்கு ரோடெக்கின் துண்டு, ராப்1-க்கு (இது ராஸ் குடும்பத்து Rap1, மேலே சொன்ன ராப் (Rab) குடும்பம் அல்ல) ரால்-ஜிடிஎஸ் துண்டு. எல்லாம் ஜிஎஸ்டி வாலுடன் வரும். வரி அல்ல, குளூட்டாதையோன் எஸ்-ட்ரான்ஸ்ஃபரேஸ். அந்த வால் குளூட்டாதையோன் பூசிய பீட்ஸில் (சிறு மணிகள்) ஒட்டிக்கொள்ளும்.

500 மைக்ரோகிராம் முதல் 1 மில்லிகிராம் வரை லைசேட் புரதம், எல்லா ட்யூபிலும் சமமாக. பீட்ஸுடன் 4 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் சுழல விடுங்கள். இரவு முழுக்க விடக் கூடாது. மூன்று முறை கழுவி, சாம்பிள் பஃபரில் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். ரோடெக்கின் பீட்ஸ் சீக்கிரம் கெட்டுப்போகும் ரகம், பழையதை நம்பாதீர்கள்.

கட்டம் 8: ஜெல், பிளாட்

வழக்கமானதுதான், இரண்டு மூன்று விஷயம் தவிர. புரதம் 21 கிலோடால்டன் என்பதால் 12 அல்லது 15 சதவீத ஜெல். மெம்பிரேன் 0.2 மைக்ரான் துளை கொண்டதாக இருக்கட்டும், 0.45-இல் சின்னப் புரதம் ஊடுருவி மறுபக்கம் போய்விடும். ஜெல்லிலிருந்து புரதத்தை மெம்பிரேனுக்கு மாற்றி முடித்ததும், எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ சாயம் போட்டுப் பாருங்கள். தூண்டில் புரதம் எல்லா வரிசையிலும் ஒரே அளவு தெரிய வேண்டும். ராஸை ஆன்டிபாடியால் பிடித்து இழுக்கும் சோதனை என்றால், ஆன்டிபாடியின் இலகு சங்கிலி 25 கிலோடால்டனில் வந்து ராஸ் பட்டைக்கு மேலேயே குந்திக்கொள்ளும் என்பதையும் எதிர்பாருங்கள்.

பக்கத்தில் மொத்த லைசேட்டும் ஓட வேண்டும். கணக்கிட வேண்டியது, புல்-டவுன் பட்டையை மொத்தப் பட்டையால் வகுத்து வரும் விகிதம். புல்-டவுன் பட்டை மட்டும் ஏறி, மொத்தமும் அதே அளவு ஏறியிருந்தால், சுவிட்ச் போடப்படவில்லை, புரதம்தான் கூடியிருக்கிறது.

சோடோராசிப் போன்ற மருந்தோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 12-வது இடத்தில் சிஸ்டைன் வந்த கே-ராஸை, அது டைபாஸ்பேட்டோடு ஆஃப் நிலையில் இருக்கும்போது பிடித்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் மருந்து அது; அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது. மருந்து ஒட்டிய கே-ராஸ் ஜெல்லில் சற்று மேலே நகர்ந்து நிற்கும். அதை ஆன்டிபாடியின் குப்பைப் பட்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள், மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே அதுதான்.

மைக்ராஸ்கோப்பில் 'ஆன்' பார்க்கலாமா?

ட்ரைபாஸ்பேட் பிடித்த நிலைக்கு மட்டும் ஒட்டும் என்று சொல்லி விற்கப்படும் ஆன்டிபாடிகள் உண்டு. என் கருத்தில், புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆன் நிலை ராக்1-க்கு என்று புழக்கத்தில் இருந்த ஓர் ஆன்டிபாடியைச் சோதித்தது. செல்லில் அது அழகாகக் காட்டிய ஒளிர்வு ராக்1-இலிருந்து வந்ததே அல்ல, செல்லின் சட்டகத்தில் இருக்கும் வைமென்டின் இழைகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்தப் படங்களை வைத்து அதற்கு முன் எழுதப்பட்ட முடிவுகளை நினைத்துப் பாருங்கள்.

இடமும் நிலையும் ஒருசேர வேண்டுமென்றால், உயிருள்ள செல்லில் ஒளிரும் எஃப்ரெட் உணரிகள் (புரதம் ஆன் ஆனால் ஒளியின் நிறம் மாறிக் காட்டுபவை) 2001-இலிருந்தே இருக்கின்றன. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு. அதற்கு முன் எளிய மறைமுகச் சான்று போதும் என்றால், செல்லின் சட்டக இழைப் புரதமான ஆக்டினுக்கு ஃபாலாய்டின் சாயம் போட்டுப் பாருங்கள். ரோ விழித்தால் செல்லுக்குள் தடித்த அழுத்த இழைகளும், ராக் விழித்தால் விளிம்பில் மடிப்புகளும் தோன்றும் என்பது ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் அவர்கள் குழுவினரும் 1992-இல் காட்டியது. ரோவினால்தான் என்று உறுதி செய்ய சி3 நொதி கைகொடுக்கும். குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா தரும் இது ரோவை முடக்கிவிடும், அழுத்த இழைகள் கலைந்துவிடும்.

நோட்டில் எழுத வேண்டியவை

ஆன்டிபாடியின் குளோன் பெயர், கேட்லாக் எண், லாட் எண், நீர்த்த விகிதம், எந்தச் செல்லில் எப்படிச் சோதித்தீர்கள் என்பது. பாலிகுளோனல் (விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் எண் மிக முக்கியம், லாட் மாறினால் விலங்கே மாறியிருக்கலாம். பழைய குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே புதியதை வாங்கி, ஒரே மெம்பிரேனை இரண்டாக வெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தப் படத்தையும் நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். கட்டுரையை மதிப்பிடுகிறவர் கேட்கும் முதல் படம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.